இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில்
சணல் கயிற்றால் கட்டிவைத்த புத்தகங்களிலிருந்து
முதல் பாகமும் மூன்றாம் பாகமும் உருவினேன்.
நூற்றியிருபது ரூபாய். இரண்டாவது இல்லை.
"அதுல ஒண்ணும் நடக்காது, எடுத்துட்டுப் போங்க"
என்றார் கடைக்காரர், வேறொருவருக்குச் சில்லறை எண்ணியபடி.
படித்துப் பார்த்தேன். உண்மைதான்.

முதலில் ஒரு வரைபடம் இருக்கும்.
மலை, பனி, வாயில் நுழையாத பெயரில் ஒரு நதி.
அதைத் தாண்டிவிடுவேன்.
முந்நூறு பக்கம் கழித்து யாரோ குதிரையோடு தொலையும்போது
திரும்பி வந்து விரல் வைத்துத் தேடுவேன்.
அந்த ஊர் மட்டும் வரைபடத்தில் இருக்காது.

பதினாறு வயதில் ஒரு பரீட்சை.
கையில் விளக்கைக் கொடுப்பார்கள்.
எரிந்தால் மேல்நகரம், அணைந்தால் சுரங்கம்.
நாயகிக்கு மட்டும் அது நீலமாய் எரியும்.
எப்போதுதான் ஒருத்திக்கு வெறுமனே அணைந்துபோகும்?
அணைந்தவளின் கதையை யாராவது எழுதட்டும்,
முழு விலை கொடுத்து வாங்குகிறேன்.

பிறகு இரண்டு பையன்கள்.
ஒருவன் வெயில், ஒருவன் மழை.
எனக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேரும்
முதலில் தலைக்குக் குளிக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.
ஆனால் எண்பத்தேழாம் பக்கத்தில்
மழைக்காரன் குனிந்து அவள் ஷூ லேஸை முடிந்தபோது
சயானில் இறங்காமல் குர்லா போய்விட்டேன்.
இதையும் சொல்லத்தானே வேண்டும்.

அம்மாக்கள்தான் பாவம்.
முப்பதாம் பக்கத்துக்குள் காய்ச்சலிலோ கலவரத்திலோ
போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்,
ஒரு லாக்கெட்டை விட்டுவிட்டு.
என் அம்மா எஸ்தர் பொன்மணிக்கு அறுபத்து நான்கு.
இரவில் பூண்டு உரித்தபடி கதை கேட்பாள்.
"மூணு நாளா காட்டுல ஓடுறாளே, என்னத்தத் தின்னா?"
பழம் என்றேன்.
"மூணு நாளும் பழமா? வயித்தால போயிருக்குமே."
எழுதியவர் இதை யோசிக்கவில்லை.

மழைக்கு முந்தின வாரம்
தாராவியில் எங்கள் சந்துக்கும் அளக்க வந்தார்கள்.
கையில் டேப்லெட். கதவில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண்.
கீழ்வீட்டுக்குத் தகுதி உண்டு, மாடிக்கு இல்லை.
நாங்கள் மாடி.
பழைய கரண்ட் பில் இருந்தால் பார்க்கலாம் என்றான் பையன்.
பத்தொன்பது வயதிருக்கும், கன்னம் நிறையப் பரு.
மரியாதையாகத்தான் பேசினான்.
அவன் ஷூ லேஸும் அவிழ்ந்துதான் இருந்தது.

என் புகார் இதுதான்:
இருநூறு நாவலாவது படித்திருப்பேன்.
அம்பு விடுகிறார்கள், டிராகன் முதுகில் ஏறுகிறார்கள்,
கொடுங்கோலனை மாளிகைப் படிக்கட்டில் குத்துகிறார்கள்.
ஒருத்தியும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து
தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ரசீதைத் தேடுவதில்லை.
தொண்ணூறு அடி ரோட்டில்
ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்பதில்லை.
இங்கே குத்தவும் ஆள் இல்லை.
பெயிண்ட் டப்பா வைத்திருந்தவன் தண்ணீர் கேட்டான்,
கொடுத்தோம்.

மூன்றாம் பாகத்தில் அவள் ஜெயிக்கிறாள்.
கடைசியில் கடலோரம் ஒரு வீடு, ஜன்னலில் வெள்ளைத் திரை.
வீடு யார் பெயரில் என்று போடவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.
எனக்கு முன்னால் படித்த யாரோ
அந்தத் திரைக்குக் கீழே பென்சிலால்
'பொய்' என்று இந்தியில் எழுதி
பிறகு ரப்பரால் அழித்தும் இருக்கிறார்.
முழுதாக அழியவில்லை.
அந்த அழிப்புக்கு ஓர் அரை.

கீழ்வீட்டு ஜெனிலா முதல் பாகத்தை வாங்கிப்போய்
நாலு நாள்.
இன்றைக்கு ஏணியில் பாதி ஏறி நின்று கேட்கிறாள்:
"அக்கா, ரெண்டாவது எங்க?"

பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே
அம்மா சொல்கிறாள்:
"இருடீ, தேடிக்கிட்டுதான இருக்கோம்."