பதினோரு மீட்டர்

திங்கட்கிழமை காலை டேப்பின் ஒரு முனையை
நாற்பத்தேழாம் கால்மரத்து ஆணியில் மாட்டுவேன்.
மறுமுனையோடு வடகடலைப் பார்த்து நடப்பேன்,
நிலம் தீரும் வரை.
போன மாதம் பதினான்கு மீட்டர்.
இன்று பதினொன்று, கொஞ்சம் சில்லறை.

ஆல்டர்சீயில் எல்லாருக்கும் தெரியும்,
களிமண் மேடு சொல்லிக்கொண்டு விழுவதில்லை.
இரவெல்லாம் மழை குடித்துக் கனத்து, விடிகாலையில்
பழைய சோபாவில் யாரோ உட்கார்ந்தாற்போல்
ஒரு சத்தம். அவ்வளவுதான்.
ஜனவரியில் அப்படித்தான் டிக்கெட் கூண்டு போனது.
இறங்கிப் பார்த்தோம். கண்ணாடி உடையவில்லை.
'இன்று விடுமுறை' பலகைகூட
நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மெரின் ஆக்ஸ்டோபி.
நூறு வருஷத்து மர ரயிலில் பிரேக் பிடிப்பவள்.
இரண்டாம் பெட்டிக்கும் மூன்றாம் பெட்டிக்கும் நடுவே
நின்றபடியே போவேன்,
சரிவில் தளர்த்தி, வளைவில் இறுக்கி.
கம்ப்யூட்டர் கிடையாது.
என் வலது தோள் இடதைவிடத் தடிமன்.

லண்டனிலிருந்து ஒரு கடிதம்:
இது பாரம்பரியச் சின்னம்,
அனுமதியின்றி ஒரு பலகையையும் கழற்றக் கூடாது.
மாவட்ட அலுவலகத்திலிருந்து இன்னொன்று:
இந்தக் கரைக்குக் கல் கொட்டுவது கட்டுப்படியாகாது.
முதலாளி டென்சில் ஹெப்பிள்வைட்
இரண்டையும் ஒரே கிளிப்பில் செருகினார்.
"கடலுக்கு மட்டும் நகல் அனுப்ப மறந்துட்டாங்க."
சிரித்தார். பிறகு அந்த வாரம் முழுக்கச் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் திறந்தோம். ஐஸ்கிரீம் வேனில் டிக்கெட்.
ஹல்லிலிருந்து வந்தவன், மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு,
"பாதுகாப்பானதுதானே?" என்றான்.
தண்டவாளத்தைக் கேட்கிறானா, தரையையா?
நான் உயரப் பலகையைக் காட்டினேன்.
மஞ்சள் கோட்டை எட்டாதவர்கள் ஏற முடியாது.
குழந்தை குதிகாலை உயர்த்திப் பார்த்தது.
ஒரு விரல்கடை போதவில்லை.
"அடுத்த வருஷம் எட்டிடும், கண்ணு."
நான் வாய் திறக்கவில்லை.
பதினொன்றை மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தேன்,
பள்ளியில் கணக்கென்றால் ஓடி ஒளிந்தவள்.

அன்றைய கடைசி ஓட்டம். வடகிழக்குக் காற்று.
ஏற்றத்தில் சங்கிலி பல்லைக் கடித்தது.
கடல் வளைவு வருமுன்பே அலறத் தொடங்கிவிடுவார்கள்,
தண்ணீரில் போய் விழப்போகிறோம் என்று.
அதற்காகவே கட்டியவன் எவனோ
அதை விளிம்பு நோக்கித் திருப்பிப் போட்டான்.
விளிம்பு அப்போது முந்நூறு தப்படி தள்ளி.
பொய்ப் பயம்; அதற்குத்தான் காசு.
இன்றும் அதே அலறல், அதே உயர்த்திய கைகள்.
நான் மட்டும் கீழே பார்த்தேன்:
தேநீர் நிறத்தில் கலங்கிய அலை,
நாற்பத்தேழாம் காலடியில்
தலைமுடி போல் ஒரு விரிசல்.
காலையில் அது இல்லை.

முழு உடம்பையும் நெம்புகோலில் சாய்த்தேன்.
வளைவுக்கு நாலு கஜம் முன்னால்
வண்டி நின்றது,
ஒருநாளும் நிற்காத இடத்தில்.
காற்று. மரத்தின் முனகல்.
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்,
இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று.