பொறுக்கிகள்

இடுக்கிகள் இரண்டு.
நேற்றிரவு கோழி இறக்கையைப் புரட்டியதற்கு
அடையாளம் இல்லை.
மற்றதன் கழுத்தில் சிவப்பு ரப்பர் வளையம்.
"மாத்திடாதே" என்று மூன்று தரம் சொல்லிவிட்டாள் நோர்லைலா,
வார்டில் மருந்துத் தட்டைச் சரிபார்க்கும்
அதே குரலில்.

காலை ஏழு. உபின் தீவு, மாமாம் கரை.
நீர் வற்றிச் சேறு மினுங்குகிறது.
எதிரே ஜொகூர்
இன்னும் விளக்கணைக்காமல்.

கூடாரத்தைச் சுற்றி எங்களுடையது
ஐந்து நிமிட வேலை:
மைலோ பொட்டலத்தின் கிழித்த மூலை,
மூன்று தீக்குச்சி, ஒரு கொசுவத்திக் கால்.
பிறகு
கடல் வைத்துவிட்டுப் போனது.

தெர்மகோல் பெட்டி
தொட்டால் உதிர்கிறது.
புட்டு சிந்திய தரை மாதிரி
பெருக்கப் பெருக்கப் பெருகுகிறது.
கயிறு, கயிறு, இன்னும் கயிறு.
இடது கால் செருப்புகள் மட்டும் ஆறு.
(வலது கால்கள் எந்தக் கரைக்குப் போகும்?)
உள்ளே தண்ணீர் குலுங்கும் லைட்டர்.
அலையாத்தி வேர்களுக்கிடையே
வலையில் சிக்கிய லாட நண்டு ஒன்று,
கவிழ்ந்து, கால்களால் காற்றைத் துழாவியபடி.
கட்டு வெட்டும் கத்தரியை எடுத்தாள் நோர்லைலா.
பதினோரு வெட்டு.
அது திரும்பிக்கூடப் பார்க்காமல்
சேற்றுக்குள் போயிற்று.
"டிஸ்சார்ஜ் ஆகிறவர்களும் இப்படித்தான்" என்றாள்.

முதுகை நிமிர்த்த நின்றபோது கேட்டாள்:
இந்த வேலை செய்கிறவரைத்
தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் விளக்க வேண்டியிருந்தது,
அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று,
என் அம்மா தொலைக்காட்சி வில்லனைப் பார்த்து
அதைத்தான் சொல்வாள் என்று.
அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.
காலை முழுக்க
கரையின் அந்தக் கோடியிலிருந்து
"பொறுக்கீ! பை நிறைஞ்சிடுச்சு!"

எழுத்துகளையும் பொறுக்கினோம்.
தாய்லாந்துச் சுருள்கள்,
வியட்நாமின் தலைக்குறிகள், சீனம்,
அவள் உரக்கப் படித்த மலாய்.
ஒவ்வொன்றுக்கும் கை நீட்டினோம்,
அங்கிருந்து வந்தது, இது அங்கிருந்து.
நாங்கள் கை நீட்டிய திசையிலும்
யாராவது குனிந்து பொறுக்கி நிமிர்ந்து
எங்கள் பக்கம் கை நீட்டியிருக்கலாம்.

மணி பத்திருக்கும்.
வேரில் சுற்றிய ஜிப் பை.
அழியாத மை என்று
விளம்பரம் செய்த பேனா
பொய் சொல்லவில்லை:
கோழிக்கு. மார்ச்.

அந்த ழகரத்தின் வால்
வேறு யார் வீட்டிலும் அப்படிச் சுழியாது.

மார்ச்சில் சுமத்ரா காற்று
கூடாரத்தைக் குடையாய்ப் புரட்டியது நினைவுக்கு வந்தது.
மழையில் எதை எதற்குள் திணித்தோம் என்று
தெரியாமல் ஓடினோம்.
ஆறு மாதம்.
நான் இரவுப் பணி பார்த்து, பல் பிடுங்கி,
தம்பிக்குப் பெண் பார்க்கப் போய்த் திரும்பிய
ஆறு மாதமும்
இது இங்கேயே இருந்திருக்கிறது
என் பெயரில்லாமல், என் கையெழுத்தில்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
சொல்லவில்லை.

வாடகை சைக்கிளின் இரு பக்கமும் மூட்டை.
மேட்டில் ஒன்று கிழிந்தது.
மறுபடி பொறுக்கினோம்.
படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை
காத்திருக்க வேண்டும்.
படகுக்காரர் எங்களை எண்ணினார்,
ரெண்டு பேர், அஞ்சு மூட்டை.
மூட்டைக்கும் நாலு வெள்ளியா என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.

சாங்கிக்குப் பாதி வழியில்
கைக்குட்டையை உருவும்போது
அதுவும் சேர்ந்து வந்து
நோர்லைலாவின் மடியில் விழுந்தது.

திருப்பிப் பார்த்தாள்.
என்ன எழுதியிருக்கு?
"கோழிக்கு."
யாரோடது?

எஞ்சின் இரைந்தது.
இரைச்சலுக்கு மேல் கத்தினேன்:
"எவளோ ஒரு பொறுக்கி."

அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு
அருகிலிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்து
வாயை
விரித்துப் பிடித்தாள்.