மூன்றாவது கதிரை

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வந்தார்கள்.
சிவில் உடுப்பு. ஒருவருக்குத் தமிழ் தெரியும்,
மற்றவருக்குத் தெரியாததுபோல் இருக்கத் தெரியும்.
ஒட்டுசுட்டானில் எங்கள் சங்கத்துக்கு ஒரே அறை,
மூன்று கதிரை.
இரண்டில் அவர்கள் இருந்தார்கள்,
மூன்றாவதில் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள்.
நான் நின்றேன்.

"காசு அனுப்புறது ஆர், வாங்கிறது ஆர்?
பேர், விலாசம், போன் நம்பர்.
வெள்ளிக்கிழமைக்கு வேணும்."
மரியாதையாகத்தான் கேட்டார்கள்.
போகும்போது சுவரில் இருந்த படத்தைப்
போனில் படமெடுத்தார்கள்:
கோழிக்குஞ்சுப் பெட்டிகளோடு சிரிக்கிற
பதினொரு பெண்கள்.

மறுநாள் விடிகிற நேரம் பத்மலோஜினி வந்தாள்.
சைக்கிள் கரியரில் கடகம், மேலே சாக்கு,
உள்ளே ஐந்து கோழி.
"ஆறு தந்தனீங்கள் அக்கா. ஒண்டைக் கீரி பிடிச்சிட்டுது.
அதின்ர காசைப் பிறகு தாறன்.
என்ர பேரை வெட்டிவிடுங்கோ."
சாக்கை விலக்கினால்
வழியிலேயே ஒன்று முட்டையிட்டிருந்தது.
இன்னும் சூடு.
இதை எங்கே எழுதுவது,
வரவிலா, செலவிலா என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பாசலில் இருந்து குணரூபன் எடுத்தான்.
ஓட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவன்.
மாதம் ஐம்பது பிராங், நாலு வருசமாய்,
ஒருமுறையும் பிந்தியதில்லை.
"விசுவமடுவுக்குப் போய் அம்மாவைக் கேட்டிருக்கினம்,
மகன் ஆருக்குக் காசு போடுறான் எண்டு.
தனக்குத்தான் எண்டிருக்கிறா.
அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை அக்கா."
பின்னால் தட்டுகள் மோதின.
"நான் நிப்பாட்டேல்ல. ஆனா என்ர பேரை எங்கயும்..."
லைன் அறுந்தது.
அல்லது அவனே வைத்தான்.

பெயர் கொடுத்துப் பழகிய மண் இது.
நிவாரணத்துக்குக் கொடுத்தோம். பாசுக்குக் கொடுத்தோம்.
வட்டுவாகலில்
ஒருநாள் இருந்தவர்களும் பதியுங்கள் என்று
ஒலிபெருக்கி சொன்னபோது
வரிசையில் நின்ற என் தம்பி
தன் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னான்,
பிழையாக எழுதிவிடுவார்களோ என்று.
சரியாகத்தான் எழுதினார்கள்.

வியாழன் இரவு மேரி றெஜினாவின் தையல் அறையில்
மெசினை ஓடவிட்டுக்கொண்டு கதைத்தோம்.
நூல் கோர்க்காத ஊசி
வெறுந்துணியில் ஏறி ஏறி இறங்கியது.
அனுப்புகிறவர்கள் றெஜினாவுக்கு.
வாங்குகிறவர்கள் எனக்கு.
எது எங்கே போனது என்பது கலைமதிக்கு,
அவளுக்குப் பெயர்களே தெரியாது.
பாடமாக்கி, பிழைவிட்டு, திரும்பப் பாடமாக்கி
ஒரு மணியானது.
பிறகு அந்தப் பக்கங்களில்
தேத்தண்ணி கொதித்தது.
வவுனியாச் சட்டத்தரணி போனில் சொன்னது ஒரே வசனம்:
"கேக்கிறதை எழுத்தில கேக்கச் சொல்லுங்கோ."

வெள்ளி வந்தார்கள். கணக்கைக் கொடுத்தேன்.
வரவு, செலவு, மிகுதி ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா.
தமிழ் தெரிந்தவர் இரண்டுமுறை கூட்டிப் பார்த்தார்.
சரியாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.
"பேருகள்?"
"கடிதம் தாங்கோ ஐயா, பதில் எழுதுறம்."
என் குரல் எனக்கே
பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

"உங்கட பதிவு ஆனியில முடியுது, என்ன?" என்றார்.
ஓம் என்றேன்.
மற்றவர் எழும்பி மூன்றாவது கதிரைக்குக் கை நீட்டினார்.
அதிலே, பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் மேலே,
பத்மலோஜினியின் சிவப்புக் கோழி அடைகிடந்தது.
செட்டையை விரித்து ஒரு சத்தம் போட்டது.
அவர் கையை எடுத்துக்கொண்டார்.
அதற்குள் எதுவுமில்லை என்று
எனக்கும் கோழிக்கும் தெரியும்.

திரும்பி வருவார்கள். கடிதத்தோடும் வரலாம்.
வங்கியில் இன்று எங்கள் புத்தகத்தை வாங்கி
மனேச்சரிடம் காட்டப் போனவன்
அரை மணித்தியாலம் வரவில்லை.

பத்மலோஜினியின் பெயரை வெட்டத் தேவையிருக்கவில்லை.
நாலு கோழிகளை இருட்டியதும் அவளிடம் கொண்டுபோய் விட்டேன்.
அடைக்கோழியை எழுப்ப மனம் வரவில்லை.
கணக்குக் கொப்பியில் ஒரு வரி மட்டும்
புதிதாக எழுதினேன்:
இழப்பு, ஒன்று. காரணம், கீரி.
அதற்கு மேல் எழுத
இன்னும் எத்தனையோ வரி இருந்தது.