பல்லைக் கடித்தல்

ஒவுலு ரயிலடிக்கு எதிர்க்கடையில்
பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிப்பது என் பிழைப்பு.
இருபத்தாறு வருடம் ஒரே வசனம்:
நேராகப் பாருங்கள். வாய் மூடியிருக்கட்டும்.
சிரிக்கக் கூடாது.

பிறகு காதுக்கு உள்ளே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி.
எடுத்தார்கள். அதோடு
முகத்துக்குப் போகும் நரம்பும் போயிற்று.
வலது பக்கம், கொடியிலிருந்து நழுவிய துணி.
சூப் ஒழுகியது. பகரம் காற்றாய்ப் போனது.
தூங்கும்போதும் அந்தக் கண் விழித்தே இருந்தது
எங்கள் ஜூன் மாதச் சூரியனைப் போல,
மூடத் தெரியாமல்.

வாடிக்கையாளர்கள் முகம் கொடுத்துத்தான் பேசினார்கள்.
திருப்பிக் கொடுக்க
என்னிடம் பாதிதான் இருந்தது.

மேல் இமைக்குள் ஒரு கிராம் சொச்சம் தங்கம் வைத்துத் தைத்தார்கள்.
அதன் கனத்தில் கண் மூடும்.
மல்லாந்தால் கனம் பின்னுக்குப் போகிறது,
ஆகவே மூன்று தலையணை.
மைனஸ் இருபத்தெட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில்
தங்கம் எங்கே இருக்கிறது என்று
துல்லியமாகச் சொல்வேன்.
அடகு வைக்க முடியாத நகை, என்றான் தம்பி ஜோக்கோ.

டாக்டர் சல்மேலா ஊதாப் பேனாவோடு எதிரே அமர்ந்தார்.
தொடையின் உட்புறம் ஒரு தசை, துவோவி.
அது குறைந்தாலும் நடக்கலாம்.
ஒரு துண்டை அதன் தமனியோடும் சிரையோடும் எடுத்து
கன்னத்தில் வைத்துத் தைப்போம்.
அதற்கு யார் கட்டளை இடுவார்கள்?
மெல்லும் நரம்பில் ஒரு கிளை.
பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வது
எங்கள் பக்கம் புதிதல்ல.
இதுவரை அதற்குக் கூலி தந்தவர் இல்லை.

எந்தத் திசையில் சிரிப்பீர்கள்? என்றார்.
சிலருக்கு உதடு கண்ணை நோக்கி ஏறுமாம்,
சிலருக்குக் காதை நோக்கி,
சிலருக்குக் கிடையாக, இழுப்பறை திறப்பது போல.
பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள்.

நாற்பதாயிரம் முகம் எடுத்தவளிடம்
தன் சிரிப்பு ஒன்றுகூட இல்லை.
ஜோக்கோவிடம் இருந்தது:
ஆகஸ்ட். படகுத்துறை. நீரில் விழுந்த செருப்பை
நான் துடுப்பால் துழாவுகிறேன்.
கை கலங்கல், துடுப்பு கலங்கல்,
சிரிப்பு மட்டும் தெளிவு.
டாக்டர் அதன்மேல் அளவுகோலை வைத்தார்.
இடது கன்னத்தின் கோட்டை
கண்ணாடியில் போல மாற்றி
வலது கன்னத்தில் வரைந்தார்.

விழித்தபோது தொடை வலித்தது, முகம் வலிக்கவில்லை.
மணிக்கொருமுறை நர்ஸ் வந்து
பேனா மாதிரி ஒரு கருவியைக் கன்னத்தில் வைத்தாள்.
இருவரும் கேட்டோம்:
உறைந்த ஏரிக்கு அடியில்
நீர் போகும் சத்தம்.

அக்டோபர். கண்ணாடி முன் கடித்தேன். ஒன்றுமில்லை.
நவம்பர்.
டிசம்பரில் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.
ஜனவரி பத்தொன்பது, ரை ரொட்டியின் ஓரத்தைக் கடிக்கையில்
கன்னத்துக்குள்
தூண்டிலை மீன் கொத்தியது.
அன்றிலிருந்து சாப்பாட்டுக்கெல்லாம் சிரித்தேன்.
உருளைக்கிழங்குக்கு. வறுத்த மீனுக்கு.
ஒரு தடவை, பல்டாக்டர் மாட்டிய களிமண் அச்சுக்கு.

மார்ச்சில் ஜோக்கோ செத்துப்போனான்.
ஆற்றுமுகத்தில் மெலிந்த பனி, ஸ்னோமொபைல்,
செய்தித்தாளில் இரண்டு வரி.

எங்களுக்குச் சத்தமாய் அழ வராது.
பெட்டியை இறக்குகையில்
வழக்கம்போல் பல்லைக் கடித்தேன்.

வலது கன்னம் ஏறியது.

மர்கெத்தா பார்த்தாள், அவன் மனைவி.
பாதிரியார் பார்த்தார், உடனே புத்தகத்துக்குத் திரும்பினார்.
விட்டால் ஊளை, கடித்தால் சிரிப்பு.
நடுவே எனக்கு வேறு நரம்பு இல்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தேன்.
உதடு ஏறிய கோடு தெரிந்த கோடுதான்:
ஆகஸ்ட், படகுத்துறை,
ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவன்
அசையாதே, என்கிறான்.