தண்ணீர் லாரி வருவதற்குள்

லாரி பன்னிரண்டுக்கு வரும் என்றார்கள்.
ஒன்றேகால் ஆகிறது.
லக்கெரே மூன்றாவது கிராஸில்
குடங்கள் வரிசையில் நிற்கின்றன.
நாங்கள் படியில் உட்கார்ந்திருக்கிறோம்.

திம்மராயன் மறுபடி ஆரம்பிக்கிறான்,
ஊருக்கே போய்விடலாம் என்று.
ஊத்தங்கரை ரோட்டோரம் அவன் பங்கு ஆறு சென்ட்.
ஒரு ஷெட் போட்டால் பஞ்சர் கடை.
வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை,
நடுராத்திரி இப்படிக் குந்தியிருக்க வேண்டாம்,
போர் போட்டால் எழுநூறு அடியில் தண்ணீர்.

எழுநூறா, ஆயிரத்து நூறா என்றேன்.
பீடி பற்றவைத்தான்.

கனிஷ்காவின் நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து
நடுவே கோடு போட்டு வைத்திருக்கிறான்.
இந்தப் பக்கம் பெங்களூர், அந்தப் பக்கம் ஊர்.
ஊர்ப்பக்கம் மார்ஜின் வரை நிரம்பிவிட்டது.
பெங்களூருக்கு ‘சம்பளம்’ என்று ஒரே சொல்,
அதற்கும் ஒரு கேள்விக்குறி.

பேனாவை வாங்கி
‘கக்கூஸ்’ என்று எழுதினேன்.
ஏழு குடித்தனத்துக்கு ரெண்டு,
அதைப் போய் எழுதறியே என்று சிரித்தான்.
தாழ்ப்பாள் இருக்கிறதே.
விடியுமுன் ஏரிக்கரையில்
வண்டி வெளிச்சம் விழும்போதெல்லாம்
எழுந்து எழுந்து நின்றவள் நான்தானே.
இப்பதான் கவர்மென்ட் கட்டிக் கொடுத்திருக்கே என்றான்.
அதில் உன் அண்ணன் விறகு அடுக்கியிருக்கிறார் என்றேன்.

அடுத்தது டீக்கடை.
அதெல்லாம் மாறிடுச்சு என்றான்.
மாறித்தான் இருக்கிறது.
தனி கிளாஸ் இல்லை, எல்லாருக்கும் பேப்பர் கப்.
யார் எச்சிலையும் யாரும் கழுவ வேண்டாம்.
பேப்பர் கப் கண்டுபிடித்தவனுக்குத் தெரிந்திருக்காது,
எங்கள் ஊர்ச் சண்டையைத்
தீர்க்காமலே முடித்துவைப்போம் என்று.

நியாயம் என்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.
இங்கேயும் கேட்டார்கள்.
ஐந்து வீடு பார்த்தோம்.
ஐந்திலும் நேராக இல்லை, சுற்றி வந்து கேட்டார்கள்:
நீங்க நான்-வெஜ்ஜா?
ஆறாவது வீட்டில் ‘முட்டை மட்டும்’ என்றேன்.
அந்தப் பொய்க்கு மாதம் எட்டாயிரம் வாடகை.
கருவாடு வறுக்கும் நாளில்
ஜன்னலைச் சாத்தி மூன்று ஊதுபத்தி ஏற்றுவேன்.
உங்களுக்கு பக்தி ஜாஸ்தி என்கிறார் மேல்வீட்டம்மா.

ஊர்ப்பக்கம் அதை எழுதிக்கொள் என்றேன்:
ஜன்னல் திறந்து கருவாடு.
எழுதினான், பெரிய எழுத்தில்.

என் பக்கத்துக்கு ஒரு பஸ்.
பீன்யாவுக்குக் காலை ஏழு பத்து.
கண்டக்டர் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார்,
யார் மருமகள் என்று கேட்பதில்லை.
இறங்கியபின்
மணிக்குத் தொண்ணூறு காலர் தைக்கவேண்டும்,
எண்பத்தெட்டு என்றால்
சூப்பர்வைசர் வாயில் வருவதை
இந்தத் தாளில் எழுத முடியாது.
இருந்தாலும் அந்த நாற்பது நிமிஷம்,
ஜன்னல் சீட் கிடைத்தால்,
நான் யாருமே இல்லை.
அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று
இவனுக்கு எப்படிச் சொல்வது?

போன ஆடியில் கரு கலைந்தது.
ஊராக இருந்தால் நாற்பது பேர் வந்திருப்பார்கள்.
இங்கே யாரும் வரவில்லை.
இரண்டில் எது நல்லது என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
அதை எந்தப் பக்கமும் எழுதவில்லை.
அவனும் எழுதவில்லை.
பேனா கொஞ்ச நேரம்
படியில் சும்மா கிடந்தது.

மூலையில் ஹாரன்.

முதலில் எழுந்தவன் அவன்தான்.
தாள் எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.
லாரியின் பின்சக்கரம் நிற்பதற்குள்
ஹோஸைப் பிடித்துவிட்டான்.
நீலக் குடத்தோடு நடுவில் நுழைந்தவரின்
முகத்துக்கு நேரே கத்துகிறான்,
இது நம்ம ஜாகா, இது நம்ம ஜாகா,
கன்னடமா தமிழா
அவனுக்கே தெரிந்திருக்காது.

குடத்தைச் சாய்த்துப் பிடி என்றான் என்னிடம்.
சாய்த்துப் பிடித்தேன்.