மனிதப் பொருளா?

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால்.
செகெட் நகரில் மூன்று நாளாக வெயில் இல்லை.
தீஸா ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
எங்கள் ஆய்வகத்தின் இரண்டாம் மாடிவரை வந்து
சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறது.

கூரியர் வண்டிக்காரர் கெல்லேர்ட்
ஒன்பதாம் கட்டத்தைப் பேனாவால் தட்டுகிறார்.
"எமெஷெ, இதை விட்டுவிட்டீர்கள்.
மனிதப் பொருளா? ஆம், இல்லை."

பெட்டிக்குள் உலர்பனி. உலர்பனிக்குள்
ஒரு கண்ணீர்த் துளியைவிடக் கொஞ்சம் கூடுதலான திரவம்.
குழாயின் மேல் என் கையெழுத்தில்
மனித பி.சி.என்.ஏ., இரண்டு மில்லிகிராம்.

மனித என்றுதான் எழுதியிருக்கிறேன்.
எந்த மனிதர்?
எப்போதோ எவருடைய செல்லிலிருந்தோ
நகலெடுத்த ஒரே ஒரு வாக்கியம்.
அவர் ஆணா பெண்ணா, கடன் இருந்ததா,
குளிர்காலத்தில் இருமினாரா, தெரியாது.
அதை ஒரு வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டி
குடலில் வாழும் பாக்டீரியாவிடம் கொடுத்தோம்.
புரியாத மொழிப் பாட்டைப் பிழையில்லாமல்
ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி
அது சொன்னது,
இருநூற்று அறுபத்தோரு அமினோ அமிலம்,
ஒன்றுகூட விடாமல்.

செவ்வாய் முழுக்கக் குளிர் அறை. நான்கு பாகை.
இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜோம்போரின் கோட்டு.
நிக்கல் மணிகளில் ஆறு ஹிஸ்டிடின் வாலால்
தொங்கிக்கொண்டிருந்தது இது;
மற்றதெல்லாம் கழுவிப் போயிற்று.
வேலை முடிந்ததும் வாலை நறுக்கினோம்.
ஜெல்லில் ஓடவிட்டால்
இருபத்தொன்பதில் நிற்க வேண்டியது
முப்பத்தாறில் போய் உட்கார்ந்தது.
ஜோம்போர் கெட்ட வார்த்தை சொன்னான்.
பிறகு இருவருக்கும் நினைவு வந்தது:
இதற்கு எப்போதும் இதே வழக்கம்,
உள்ளதைவிடக் கனமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

மூன்று பேர் கைகோத்தால் வளையம்.
மூவரும் ஒரே ஆள்.
வெளிப்பக்கம் எதிர்மின்; டி.என்.ஏ.வும் எதிர்மின்,
முகம் பார்த்தாலே விலக வேண்டிய உறவு.
உள்வட்டத்தில் மட்டும் நேர்மின் வைத்திருக்கிறது,
வாசலில் சிடுசிடுத்துவிட்டு
அடுப்பில் சூப்பைச் சூடாக வைத்திருக்கும் வீடு போல.
இறுக்குவதில்லை.
இழைக்கும் வளையத்துக்கும் நடுவில் நீர் இருக்கிறது.
நழுவும், விழாது.
படியெடுக்கும் பாலிமரேஸ் இதைப் பற்றிக்கொண்டுதான் ஓடும்.
அறுக்கிறவர், ஒட்டுகிறவர், பழுது பார்க்கிறவர்
இதன் முதுகில் முறைக்குக் காத்திருப்பார்கள்.

"மருந்தா?" என்கிறார் கெல்லேர்ட்.
"இல்லை."
"பின்னே என்னதான் செய்யும்?"
"இது ஒன்றும் செய்யாது.
செய்கிறவர்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும்."
"ஒன்றும் செய்யாததற்கா
பெர்கன்வரை எழுபதாயிரம் ஃபோரிண்ட்?"

'இல்லை'யில் குறியிட்டேன்.
விதிப்படி அது சரி: ரத்தமில்லை, திசுவில்லை.
தவிர, 'ஆம்' என்றால் இன்னும் நான்கு பக்கம்;
திங்கள்வரை உலர்பனி தாங்காது.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்துவிட்டார்
என் பெருவிரலில் பிளாஸ்திரி.
காலையில் ஜெல்லை அறுத்த பிளேடு.
"அதற்குப் படிவம் வேண்டாமா?" என்று
தானே சிரித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

சன்னலில் நின்றேன். வண்டி தெரியவில்லை.
கதவு சாத்தும் சத்தம் மட்டும் ஏறி வந்தது.

பிளாஸ்திரிக்கு அடியில் துடிக்கிறது.
தோலின் இரு கரைகள் கிட்டே வருகின்றன போலும்.
இந்நேரம் அங்கே எத்தனை வளையங்கள்
எவரும் வால் கட்டாமல், எவரும் நிறுத்துப் பார்க்காமல்
நழுவிக்கொண்டிருக்கும்.
அவற்றின் மேல் நான் ஒன்றும் எழுதியதில்லை.

மேசையில் மஞ்சள் நகல் கிடக்கிறது,
கெல்லேர்ட் எடுத்துப் போயிருக்க வேண்டியது.
கோட்டைப் போட்டுக்கொள்ளாமல்
படியில் ஓடுகிறேன்.