ஆறு ஜோடி

கப்பலில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.
பன்னிரண்டாயிரம் மணி ஓடினால் பேரிங்கை மாற்று
என்கிறது கையேடு; மாற்றுகிறோம்.
கழற்றியது புதிதுபோல் மின்னினாலும்
ஸ்ப்ளிட் துறைமுகத்துக் காயலாங்கடைத் தொட்டிதான்.
யாரும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப்
பெருமூச்சு விடுவதில்லை.
நானூறு பயணிகள், கடல், சட்டம்.

காருக்கும் கையேடு உண்டு.
இந்தப் பக்கம் மட்டும் அதில் இல்லை.
ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் கிடக்கும்
நகத்தளவு கனமுள்ள அந்த ஆறு ஜோடி ஓடுகள்
எஞ்சினின் ஆயுள்வரை வரும் என்று நினைத்திருப்பார்கள் ஜெர்மன்காரர்கள்.
எஞ்சினின் ஆயுள் எவ்வளவு என்பதைச்
சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கார் பாதி என்னுடையது,
பாதி யெரினாவுடையது. விஸ் தீவில் பல் மருத்துவர்.
சனிக்கிழமைகள் அவளுக்கு, கப்பல் இல்லாத செவ்வாய்கள் எனக்கு.
எண்ணெய் சூடாகும்வரை காத்திருப்பாள்,
அதில் குறை சொல்ல முடியாது.
சூடானதும் ஏழாயிரம் சுற்றுக்குக் கீழே
அவளுக்குப் பேச்சே கிடையாது.

"வலிக்காத பல்லைத் தொடாதே, நிக்ஷா."

வலிக்கிற பல் வாய்க்குள்தான் இருக்கும், யெரினா.
வலிக்கிற பேரிங்
ராடை எஞ்சினின் விலா வழியாக வெளியே அனுப்பும்.

நூறு மில்லி கறுப்பை மருந்துக் குப்பியில் ஊற்றி
ஸாக்ரெப்புக்கு அனுப்பினோம்.
ஈயம்: போன தடவை பதினொன்று, இப்போது பத்தொன்பது.
செம்பு: கூடியிருக்கிறது, கொஞ்சம்.
கடைசி வரி: கவனித்து வரவும்.

கவனித்தேன்.
கொமிஷாவுக்கு இறங்கும் வளைவுகளில்
கண்ணாடியை ஏற்றி, ரேடியோவை அணைத்து,
டயரில் தெறித்த ஒவ்வொரு கல்லுக்கும் மூச்சைப் பிடித்தேன்.
ஆறு மாதம் அந்தக் காரை நான் ஓட்டவில்லை,
கேட்டுக்கொண்டிருந்தேன்.
வேலைக்குப் போனால் இரண்டு டீசல்களின் இரைச்சலில்
நிம்மதியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு பெட்டியோடு வந்தாள்.
உள்ளே ஆறு ஜோடி, பன்னிரண்டு புது ஆணிகள்,
சம்ப்புக்கு கேஸ்கெட்.
விலைச்சீட்டைக் கிழித்திருந்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"போன சனிக்கிழமை ரேடியோவை அணைத்துவிட்டேன்.
உன்னால்."

பூரா காற்று தகரக் கதவை உதைத்துக்கொண்டிருக்க
காரின் அடியில் மல்லாந்து கிடந்தோம்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: சாம்பல் நிறம்,
கோடு விழாத அமைதியான சாம்பல்.
ஐந்தாவதன் மேல் ஓட்டில்
நாணயமளவு செம்பு தெரிந்தது.

பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
"இன்னும் இரண்டு வருஷம் தாங்கியிருக்கும்."
இரண்டு வாரம் என்றேன்.
ஒரே ஓடு. ஒரே விளக்கு.
அதை மறுபடி உள்ளே வைத்து ஓட்டிப் பார்த்தால் தெரியும்.
யார் வைப்பார்?

புது ஆணிகளை இறுக்கும்போது அவை கொஞ்சம் நீளும்.
நீள்வதால்தான் பிடிக்கும்.
நீண்டது சுருங்காது; இன்னொரு தடவைக்கு ஆகாது.
கோணமானியை நான் பிடிக்க, கம்பியை அவள் வளைத்தாள்.
பல் பிடுங்குகிறவளின் மணிக்கட்டு.
நூற்று ஐந்து பாகை வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
எண்ணெய் விளக்கு சிவப்பாக நின்றது, ஒன்று,
இரண்டு, வீட்டுக்கடனைவிட நீளமான மூன்று,
அணைந்தது.
யெரினா உடனே கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள்.
யாரோ மீன் விலை படித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் கேட்கவில்லையே என்றேன்.

"அதற்குத்தான் போட்டேன்" என்றாள்.